இடப்பக்கம் திரும்பிய கார்

மாமா,

இன்று காலை காரின் பின்கதவைத் திறந்தேன். ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை மூக்கைக் குத்தியது. அம்பூரியிலிருந்து அப்பாவுக்குத் தெரியாமல் நீங்கள் பின் இருக்கையில் அடுக்கிக் கொண்டுவந்த சரக்கின் வாடை. எங்கிருந்து நாறுகிறது என்று அப்பா கேட்டபோது, "ஒங்க மகளுக்க சாக்ஸ் ஆக்கும் அத்தான்" என்று கூசாமல் சொன்னீர்களே! இப்போது யாரும் கேட்பதில்லை. அப்பா அந்த வண்டியில் ஏறுவதே இல்லை.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று ஓட்டியது அவர்தான். எங்கள் ஊர்ச் சாலை பாறசாலையில் போய் முட்டும் முக்கில், வலப்பக்கம் திருவனந்தபுரம், இடப்பக்கம் மார்த்தாண்டம். அப்பா இடப்பக்கம் திருப்பினார். ஆசுபத்திரி வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்குச் சினிமாவும் ஆசுபத்திரியும் இரண்டு மாநிலத்திலும் உண்டு. அதனால் எங்கே போனாலும், போகாத ஊர் ஒன்று பாக்கி இருக்கும். உங்களுக்கான ஜெபத்துக்கு வருகிறவர்கள் ஆமென் சொன்ன கையோடு, பால் விடாத கட்டன்சாயாவை ஊதிக்கொண்டே தொடங்குவார்கள். "வலத்தோட்டு திருப்பியிருந்தா ஆளு இப்பம் இருந்திருக்கும்." அப்பா தலை குனிந்து டம்ளரையே பார்ப்பார். அன்று ராத்திரி அவர் சோறு பாதியில் நிற்கும்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. நடக்காத பயணத்தில் மட்டும் சாலை ஏன் எப்போதும் காலியாகவே கிடக்கிறது? பாலராமபுரத்து நெரிசல் அன்றைக்கு லீவு போட்டதா? டாக்டர் வாசலிலேயே காத்து நின்றாரா?

வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போயிருந்த காட்டாக்கடைப் பெரியப்பா போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். நடந்ததை அவர் போனில் பாதிதான் கேட்டிருந்தார். உள்ளறையில் அப்பா. கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"எங்கோட்டு மக்களே கொண்டு போனீங்க?"

"திருவனந்தபுரத்துக்கு, பெரியப்பா."

அவர் கையை உதறினார். "அய்யோ, கெடுத்தீங்களே! அந்த பிளாக்குல வண்டி போவுமா? இடத்தோட்டு மார்த்தாண்டம் போயிருந்தா ஆளு நடந்து வீட்டுக்கு வந்திருக்குமே!"

"உறப்பா? நல்லாத் தெரியுமா?"

"பின்ன! எனக்கு இது தெரியாதாக்கும்?"

"அப்பம் சரி. மார்த்தாண்டத்துக்குத்தான் கொண்டு போனோம்."

பெரியப்பாவின் வாயில் முறுக்கு அப்படியே நின்றது. அம்மா என் மண்டையில் ஒன்று வைத்தாள். "மரிச்ச வீட்டிலயாட்டி ஒனக்க வெளையாட்டு?" உள்ளறையில் அப்பா இருமினார். சிரிப்பை மறைத்தாரா, அழுகையை மறைத்தாரா என்பது இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இன்று காலை சாவியை என் முன்னால் வைத்து, "வண்டிய ஒண்ணு தொடச்சிப் போடு" என்றார்.

இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நீங்கள் இருந்திருந்தால் பெரியப்பாவுக்கு இரண்டாவது முறுக்கை நீட்டியிருப்பீர்கள்.

இனிச் சொல்லப்போவது நமக்குள் இருக்கட்டும். எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கும் அதே வியாதி உண்டு. என் மனதில் அப்பா வலப்பக்கம் திருப்புகிறார். நெரிசல் இல்லை. டாக்டர் வாசலில் நிற்கிறார். நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "பயந்து பேடிச்சுப் போனியா மக்கா?" என்கிறீர்கள். முழுப் பொய் என்று தெரியும். தெரிந்தும் தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். அப்பா எதிரே வந்தால் மட்டும் முகத்தை மாற்றிக்கொள்கிறேன்.