நடுச்சுவரை இடித்த விவரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நான் சுகம். கடிதம் அம்மாவைப் பற்றியது. பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை, இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்து ஐந்து வரி தள்ளிச் சொல்கிறேன், என் வழக்கம் உனக்குத் தெரியாததா. கம்பவுண்டர் வீட்டு முன்னறையில் இருந்துதான் எழுதுகிறேன். போனில் பேசிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை என்கிறார் அவர். பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். அதனால் காகிதம். இரண்டு முறை எழுதிக் கிழித்தாயிற்று, இது மூன்றாவது.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் இருவரும் உன்னோடு வந்துவிட வேண்டும் என்று நீ கேட்டாய், அம்மாவும் சரி என்றாள், நீ டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். அதிலிருந்துதான் பழைய வீட்டைச் சீர்செய்யும் பேச்சு ஆரம்பமானது. மூடிக் கிடக்கும் ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் ஒரு பெஞ்சு இருக்கிறதே, அங்கே சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை நாங்கள் மூன்று பேர் உட்காருவோம். கம்பவுண்டர், சின்ன வயதில் உனக்குக் கசப்பு மருந்து கலக்கிக் கொடுத்த அதே மனிதர். இன்னொருவர் மேஸ்திரி, நீ போன பிறகு பழக்கமானவர், கொத்து வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது, இன்னும் எந்தச் சுவரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் தாண்ட மாட்டார். நான் நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்தவன் என்பதால் இவர்கள் எனக்கு ஸ்கேல் என்று பட்டம் வைத்திருக்கிறார்கள், மறுக்க முடியவில்லை, சட்டைப் பையில் அது எப்போதும் இருக்கிறது. அங்கே பெரிய விஷயம் ஒன்றும் பேச மாட்டோம். கம்பவுண்டரின் மருமகள் சர்க்கரை டப்பாவை இந்த வாரம் எங்கே ஒளித்து வைத்தாள், மேஸ்திரியின் புதுப் பல்செட் ஏன் மேசையிலேயே இருக்கிறது, இப்படி. ஒரு மாதமாக அந்த இடத்தை எங்கள் வீடு பிடித்துக்கொண்டது.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிட வேண்டும் என்று முதலில் சொன்னவர் மேஸ்திரி. அது சும்மா நிக்குது ஸ்கேல் சார், மேல பாரம் கெடையாது, தண்டச்சோறு, எடுத்துட்டா வெளிச்சம் கொட்டும், வீடு பாக்க வர்றவங்க வாசல்லயே சாவி கேப்பாங்க என்றார். வேலைய விட்டுட்டேன்னு சொன்னீங்க, இடிக்கிறதுன்னா மட்டும் கை அரிக்குதா மேஸ்திரி என்று கம்பவுண்டர் சீண்டினார். கட்டத்தான் முதுகு வேணும், இடிக்க மனசு இருந்தா போதும் என்று இவர். நான் நாலு நாள் யோசித்தேன். எனக்கு எதையும் உடனே ஒப்புக்கொள்ளவும் தைரியம் கிடையாது, மறுக்கவும் கிடையாது. பிறகு டேப்பை எடுத்து அளந்தேன், அடிக்குக் கால் அங்குலம் என்று முழு வீட்டையும் படமாகப் போட்டேன். கூடத்தையும் சமையலறையையும் பிரிக்கிற மரப்படி ஒன்று தரையில் இருந்ததல்லவா, அம்மா தடுக்கி விழுந்துவிடப் போகிறாள் என்று அதை எடுக்கச் சொன்னது நான்தான், அதில் மேஸ்திரிக்குப் பங்கு இல்லை. படத்தை விரித்து அம்மாவிடம் காட்டினேன். அவள் விரலை அதன் மேல் மெதுவாக ஓட்டினாள், எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்க போட்ட படத்துல தப்பு வருமா என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உன் கடிதங்களைக்கூடக் கொஞ்ச காலமாக என்னையே படிக்கச் சொல்கிறாள், உங்க குரல்ல கேட்டாத்தான் நல்லாருக்கு என்று ஒரு நாள் சொன்னாள், அதற்கும் நான் மகிழ்ந்துபோய் ஏற்ற இறக்கத்தோடு படிக்க ஆரம்பித்திருந்தேன்.

அந்தச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கறை இருந்தது. படுக்கையறை வாசலில் தொடங்கிச் சமையலறைக்குத் திரும்பும் முனை வரைக்கும், பழுப்பாக, வழவழவென்று ஒரு பட்டை. இரண்டு வருஷமாக என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைப்பேன், அடுத்த மாதம் திரும்ப வந்துவிடும். ஈரக்கசிவு என்று எழுதி அம்புக்குறி போட்டுப் படத்திலும் குறித்திருந்தேன். இடிக்கிற அன்று காலையில் மேஸ்திரி அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஈரமும் இல்ல ஒண்ணும் இல்ல சார், இது கை போன தடம், வீட்ல கொழந்தைங்க இருக்கா என்று கேட்டார். இல்லையே என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சம்மட்டியை எடுத்தார். இரண்டு பேர் நின்று பார்த்தோம், ஒருவர் எழுபது வருஷத்தில் பாதியைச் சுவர்களோடு கழித்தவர், ஒருவன் வீட்டுக்காரன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

தூசி ஆகாது என்று இரண்டு நாள் அம்மாவைக் கம்பவுண்டர் வீட்டில் விட்டிருந்தேன். சுவர் நின்ற இடத்தில் புதுத் தரை போட்டு, கூடத்தில் ஒரு புது ஜன்னலும் வைத்து முடித்த பிறகு, மூன்றாம் நாள் மதியம் கூட்டி வந்தேன். உண்மையாகவே வெளிச்சம் கொட்டத்தான் செய்தது. அவள் கூடத்தில் நாலு அடி வைத்தாள், வலது கையை நீட்டினாள், அப்படியே நின்றாள். அசந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்தேன். எப்படி இருக்கு என்றேன். விசாலமா இருக்கு என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கப் போனவள் மூலையில் சாய்த்து வைத்திருந்த ஏணியில் போய் மோதினாள். அன்றிலிருந்து வாசல் பக்கத்து நாற்காலிதான். சமைக்கிற நேரத்தில் மட்டும் என் பின்னாலேயே வருவாள், அடுப்பு மேடையைப் பிடித்த பிறகு விடுவாள். ஆறு நாள் இப்படிப் போனது. சமையலறை எல்லார் கண்ணிலும் படுகிறது என்று கோபம் போலிருக்கிறது என்று நான் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் பெஞ்சில் இதைச் சொல்லிப் புலம்பினேன். மேஸ்திரி சிரித்தார், இத்தனை நாளா சுவரோட பேசிட்டு இருந்திருப்பாங்க, இனிமே உங்களோடதான் பேசணும், கோவம் வராதா என்றார். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது எப்போதும் நடக்கிற காரியம் இல்லை. செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பிறகு, ஸ்கேலு, அண்ணி என்கிட்ட சத்தியம் வாங்கிருக்காங்க, அத இப்ப ஒடைக்கிறேன், அவங்களுக்குக் கண்ணு தெரியல என்றார். இடது கண் முழுதும் போய்விட்டதாம். வலது கண்ணில் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுக்குத் தெரிகிறதாம், அதுவும் நல்ல வெயிலில். போன வருஷம் துணிக்கடைக்கு என்று சொல்லிவிட்டு அம்மா கம்பவுண்டரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போயிருக்கிறாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருக்கிறது, பட்டது திரும்பத் துளிர்க்காது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த மருந்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. ஒரு மாசமா சுவரப் பத்தித்தானே பேசினோம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கண்ணப் பத்திச் சொல்லக் கூடாதுன்னுதானே சத்தியம், சுவருக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு எப்படிய்யா தெரியும் என்றார். மேஸ்திரி எழுந்து யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்து செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, சோதித்துப் பார்க்கத்தான் போலிருக்கிறது, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் நாற்காலியில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு நடுவே நாலு அடி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, யாரு என்றாள். மறுபடி, யாருங்க அது என்றாள், இந்த முறை பயம் இருந்தது. நான்தான் என்றேன். செருப்புச் சத்தமே கேக்கலயே என்றாள். அப்புறம் தானாகவே, கம்பவுண்டர் சொல்லிட்டாரா, அவரு வாய்ல மருந்து தவிர எதுவும் தங்காது என்றாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். சொன்னா அன்னைக்கே மகளுக்கு எழுதிடுவீங்க, அவ போட்டது போட்டபடி ஓடி வருவா, இல்லன்னா நம்மள இழுத்துட்டுப் போவா, ரெண்டும் வேணாம்னு இருந்தேன் என்றாள். மகள் ஊருக்குப் போகச் சரி என்று எப்படிச் சொன்னாய் என்றேன். வேணாம்னா காரணம் கேப்பாளே என்றாள். நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் தலையைக் குனிந்துகொண்டு, அங்க வந்தா நான் உக்கார வச்ச பொம்மைங்க, இந்த வீடு எனக்குக் கையில இருந்துச்சு, இங்கயாவது ஒரு வாய் காப்பி போட்டுத் தருவேன் என்றாள். காப்பி என்று சொல்லும்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். கையைப் பிடித்திருக்கலாம், என்னவோ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் மேஸ்திரி கொத்துக் கரண்டியும் தூக்குக் குண்டு நூலுமாக வாசலில் நின்றார். ஆள் யாரும் வேண்டாம், நானே கட்டறேன் என்றார். முதுகு என்று நான் இழுத்தேன், அது என் முதுகு என்றார். இரண்டு நாளில் இடுப்பு உயரம் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னார். அவள் தடவிக்கொண்டே முனை வரை போய்த் திரும்பி வந்து, போதும்ணா, இதுக்கு மேல ஒசத்தினா இவரு இன்னொரு படம் போட்டு எடுத்துடுவாரு என்றாள். மேஸ்திரி சிரிக்க முயன்றார். ஆனால் அது பழைய சுவர் இல்லை. பழைய கோடு புதுத் தரைக்குள் போய்விட்டதால் மூன்று விரல் தள்ளி வந்திருக்கிறது, முனையும் ஒரு செங்கல் முன்னாலேயே முடிகிறது. என் படத்தைப் பார்த்துக் கட்டியிருந்தால் சரியாக வந்திருக்கும், அந்த நேரத்தில் அதை எடுத்து நீட்ட எனக்குக் கூசியது. பழைய சுவரை அவள் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்போது படித்து வைத்திருக்கிறாள், இதை இருட்டிலேயே படிக்க வேண்டியிருக்கிறது. முனையில் இடுப்பு இடித்துக் கன்றிப்போய் இருக்கிறது. நடுவழியில் நின்றுவிடுகிறாள். நான் குரல் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள், கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆகவே, மகளே, நாங்கள் வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. வாழ்க்கையில் உன்னிடம் நான் முடியாது என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. நான் எடுத்த முடிவு சரிதானா என்று எனக்கே உறுதி இல்லை, போன மாதம் எடுத்ததையும் சரி என்றுதான் நினைத்தேன். டாக்டர் கொடுத்த காகிதங்களின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அங்கே ஒரு நல்ல கண் டாக்டரிடம் காட்டு. செய்ய ஏதாவது உண்டு என்று அவர் சொன்னால் நான் அம்மாவிடம் பேசி நானே கூட்டி வருகிறேன். இல்லை என்றால் இப்படியே இருக்கட்டும். லீவு கிடைக்கும்போது வா, இதற்காக என்று வராதே, எப்போதும் வருகிற மாதிரி வா. இன்னொன்று, இது பரம்பரையாக வரக்கூடியதாம். நீ தள்ளிப்போடாமல் கண்ணைச் சோதித்துக்கொள், பேத்திக்கும் ஒருமுறை பார்த்துவிடு. மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லலாம்.

அம்மா உனக்கு எழுத எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாள், ஆனால் முட்டி வலியால் பயணம் முடியாது என்று எழுதச் சொன்னாள், கண் என்ற பேச்சு வரக் கூடாது என்று கையடித்து வாங்கிக்கொண்டாள். அவள் சொல்லை நான் மீறுவது இதுதான் முதல் தடவை. கம்பவுண்டரைக் குறை சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. அதனால் போனில் முட்டியைப் பற்றியே விசாரி, தைலம் தேய்க்கச் சொல், டாக்டரிடம் காட்டினாயா என்று ஒரு அதட்டல் போடு.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனம் ஒத்து, நீண்ட நாள் வாழ வேண்டும். என் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். சீர்செய்த வீட்டைப் போனில் காட்டச் சொல்லி நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் வரை பெயிண்ட் காயவில்லை என்று தள்ளிவைத்திருக்கிறேன். நானே காட்டுவேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள், மதியத்தில் நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்துப் பழகுகிறாள். இது கூடம், இது அலமாரி, இது புது ஜன்னல் என்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறாள். ஜன்னல் என்று சொல்லி அவள் காட்டுகிற இடத்தில் உனக்கு வெறும் சுவர்தான் தெரியும். ஜன்னல் நன்றாக இருக்கிறது அம்மா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா