டிப்போவுக்குப் பின்னால் காலியிடம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், அப்பா சுகம், காலமெல்லாம் கிளட்ச் மிதித்த அவருடைய இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, மற்றபடி வீட்டில் குறையில்லை. நீ சுகமா என்று வழக்கமாகக் கேட்பேன், இந்தத் தடவை கேட்கவில்லை, போன மாதம் அப்பா நேரிலேயே பார்த்துவிட்டு வந்து எனக்கு எல்லாம் சொல்லிவிட்டார். எல்லாம் என்றால் எல்லாம்தான் கண்ணா. போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் நீ “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லி வைத்துவிடுவாய், கடிதமென்றால் கோபத்தில் மடித்து வைத்தாலும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பிரிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

அப்பா அங்கே வந்தது உன்னைப் பார்க்க மட்டும்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. புதிதாக வேலைக்கு எடுக்கும் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர் வேலை, தலைமை டிப்போவில், உன் நகரத்திலேயே. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு அவர் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, பஸ்ஸுக்கே மாலை போட்ட மாதிரி இருந்தது. பிறகு உட்கார்ந்து பார்த்தோம். பதவி உயர்ந்திருக்கிறது, சம்பளம் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வருகிற சம்பளத்தில் வாடகை போக என்ன மிஞ்சும் என்று கேட்டேன். மரியாதை மிஞ்சும் என்றார். அதை அடுப்பில் வைக்க முடியாது என்று நானும் சொன்னேன். எதற்கும் நேரில் போய் வீடு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், அப்படியே பையனையும் பார்க்கலாம், அவனிடம் சொல்லவேண்டாம், வீடு கிடைத்தபிறகு சொல்லித் திகைக்க வைக்கலாம் என்று கிளம்பினார். திகைக்க வைக்கத்தான் போனார், திகைத்துப்போய்த் திரும்பினார்.

வீட்டுத் தரகர் ஒருவர் காலையிலிருந்து மத்தியானம் வரை அவரைச் சந்து சந்தாகக் கூட்டிப்போயிருக்கிறார். ஒரு வீட்டில் சமையலறைக் கதவைத் திறக்கவேண்டுமென்றால் குளியலறைக் கதவைச் சாத்தவேண்டுமாம், ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர் பட்டினிதான். இன்னொரு வீடு நல்ல காற்றோட்டம் என்று சொல்லி ஜன்னலைத் திறந்து காட்டினாராம். அப்பா கையை நீட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டுச் சுவர் கையில் தட்டுகிறது. தரகர் அசரவில்லை, “சுவர் பக்கத்துலயே இருக்கிறதால வெயில் வராதுங்க, ஃபேன் செலவு மிச்சம்” என்றாராம். முன்பணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, வாடகைக்குத்தானே கொடுக்கிறீர்கள், வீட்டையே விற்கவில்லையே என்று அப்பா விசாரித்திருக்கிறார். அதோடு அவர்கள் சிநேகம் முடிந்தது.

அங்கிருந்து உன் அறைக்கு வந்தார். நீ எழுதிய பால்கனியைத் தெருவில் நின்று அண்ணாந்து தேடினாராம். ஒரு இரும்புக் கம்பி வரிசை இருந்ததாம், அதுவும் பக்கத்து அறைக்காரர்களுடையது, அவர்கள் துணி காய்ந்துகொண்டிருந்தது. நீ வேலையில் இருந்தாய். மருந்துக் கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற அந்தத் தம்பிதான் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தது. அண்ணனுடைய அப்பாவா என்று கேட்டு, பதறிப்போய்க் கட்டிலை உதறி, தலையணைக்கு வேறு உறை மாட்டி, படுங்கள் என்று உபசரித்திருக்கிறது. உறை எதற்குத் தம்பி மாற்றுகிறாய் என்றதற்கு, “இது என்னோடதுங்க, ஆணியில தொங்குறதுதான் அண்ணனோடது. அவர் வேலைக்குப் போனதும் நான் படுப்பேன், நான் கிளம்பினதும் அவர் படுப்பார்” என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது. அதன்மேல் கோபித்துக்கொள்ளாதே. நீ கடிதத்திலும் போனிலும் எங்களுக்குக் கட்டி வைத்திருக்கிற மாளிகையைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்.

சாயங்காலம் நீ வந்து, கட்டிலில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இது சிநேகிதன் அறை, என் அறைக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், ஒரு வாரத்துக்கு மட்டும்தான் இங்கே என்றாயாமே. அவரும் என்ன நிறம் என்று கேட்டாராமே. நீ வெளிர் நீலம் என்றாயாம். அடே, நிறம் வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறாயே, இந்தச் சாமர்த்தியத்துக்கு உன் கம்பெனி இன்னும் கொஞ்சம் சம்பளம் போட்டுக் கொடுக்கலாம். பிறகு அவரைப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போய், பணத்தை நீட்டும்போது அவர் பார்க்காதபடி முதுகைக் காட்டி நின்றாயாம். அவர் எல்லாம் ருசி என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாராம். வீட்டுக்கு வந்தபிறகு எனக்குத் தெரிந்தது, என்ன சாப்பிட்டோம் என்றே அவருக்கு நினைவில்லையாம்.

ஆனால் அவர் என்னிடம் முதலில் சொன்னது கட்டில் விஷயம் இல்லை. அந்தத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது நீ உன் முறையையும் அதற்கே விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்தாயாம், சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் லீவு போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாயாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை, பதவி உயர்வு உத்தரவு வந்த அன்றைக்குக்கூட இல்லை. அதற்கப்புறம்தான், செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, “அவ்வளவு சம்பளம் வாங்குறான், தூங்குறதுக்கு முறை வச்சிருக்கான்” என்றார். கண்ணா, அரசாங்க பஸ்ஸுக்கே பராமரிப்புக்கென்று ஒருநாள் நிறுத்தம் உண்டு, உன் கட்டிலுக்கு ஒருநாள்கூட ஓய்வு கிடையாதா.

உன்னைப் பார்த்த மறுநாள் அவர் தலைமை டிப்போவுக்குப் போயிருக்கிறார். பயிற்சிப் பிரிவுக்கு ஒரு பெண் அதிகாரி, கண்டிப்பானவர் என்று பெயர். உங்கப்பா மேலதிகாரி முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததில்லை, சம்பள பாக்கி கேட்கப் போனால்கூட சௌக்கியம் விசாரித்துவிட்டுத் திரும்புகிறவர். அன்றைக்கு அவரிடம் போய் நின்று, “இந்தச் சம்பளத்துல இந்த ஊர்ல நான் பஸ் ஓட்டலாம்மா, குடியிருக்க முடியாது” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கோபிக்கவில்லையாம், பேனாவை மூடி வைத்தாராம். அவரே வாடகைக்குப் பயந்து தொலைவில் குடியிருக்கிறவர், பிள்ளைகள் விழிக்கும் முன்பே ரயிலேறுகிறவர் என்பது அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இந்த வேலையை வேண்டாம் என்று போய்விட்டார்கள், எல்லோரும் உடம்பு சரியில்லை என்றார்கள், நீங்கள் ஒருவர்தான் உண்மையைச் சொன்னீர்கள், நான் என்னதான் செய்வது என்று கேட்டாராம். அப்பா கிளம்பப் போனவர் கதவுப்பக்கம் நின்று, “வண்டி பழக ஊர் பெருசா இருக்க வேண்டாம்மா, காலியிடம் பெருசா இருந்தா போதும். எங்க டிப்போ பின்னால அது சும்மா கிடக்குது” என்றிருக்கிறார். எழுதிக் கொடுங்கள் என்றாராம் அந்த அம்மாள். எழுதினது யார் என்று நினைக்கிறாய், நான்தான். தண்ணீர் வரிக் கவுண்டரில் இத்தனை வருஷம் உட்கார்ந்து பிறத்தியாருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த கை, வீட்டுக்காரருக்கு எழுதாதா.

ஒரு பதிலும் வராது என்றுதான் நினைத்தேன். போன வாரம் அந்த அம்மாளே வந்து இறங்கி, இடத்தைச் சுற்றிப் பார்த்து, முள்ளை வெட்டச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது முள் போய்விட்டது, தரை சமம் செய்தாகிவிட்டது, அடுத்த மாதம் பயிற்சி இங்கேயே தொடங்குகிறது. அப்பாவுக்கு ஊர் மாறாமலே உயர்வு கிடைத்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று பாடம் சொல்லிப் பார்க்கிறார், நான் எட்டிப் பார்த்தால் தலை சீவுகிற மாதிரி பாவனை செய்கிறார். பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்குவார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் அதற்குள் மாடி அறை வாடகையை ஏற்றிவிட்டார், உன் நகரத்து வியாதி எங்கள் பஸ்ஸிலேயே ஏறி இங்கேயும் வந்துவிட்டது.

இனிமேல் சொல்லப்போவதை நீ கேட்டதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. பயிற்சிக்கென்று நிற்கிற பஸ்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் எடுக்கிறார்கள், நீ படித்த அதே டிப்ளமாதான் கேட்கிறார்கள். அப்பா எனக்கு ஆணை போட்டிருக்கிறார், “அவனுக்கு இதை எழுதாதே. எழுதினா நமக்காக வந்துடுவான். வர்றதுன்னா அவன் தனக்காக வரட்டும்” என்று. அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் தெரியாத விஷயத்தை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படித் தனக்காக முடிவு செய்வான், அதனால் எழுதுகிறேன். சம்பளம் நீ இப்போது வாங்குவதைவிடக் குறைவு. நேரத்துக்கு வரும் என்றும் சத்தியம் செய்யமாட்டேன், எனக்கு வரவேண்டிய சம்பள உயர்வே இந்த வருஷம்தான் வந்தது, அது வருவதற்குள் விலைவாசி வந்து உட்கார்ந்துகொண்டது. கையில் கறை படியும், அதிகாரிகள் அலைக்கழிப்பார்கள். நாள் முழுக்கக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, விபத்தில் வண்டி நசுங்கி இன்ஷூரன்ஸ் கேட்கிறவர்களுக்குப் போனில் ஆறுதல் சொல்லும் வேலை உனக்கு நிஜமாகவே பிடித்திருந்தால் அங்கேயே இரு, எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் வருத்தம் இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கே இருந்தாலும் உனக்கென்று ஒரு கட்டில் இருக்கட்டும், அது ஒன்றுதான் நான் கேட்பது. இங்கே வந்தாலும் உன் சம்பளத்தில் பாதியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிர்வீட்டு மாடியில் போய் வாடகைக்கு இரு.

அந்தத் தம்பியைக் கேட்டதாகச் சொல். அதன் இருமல் நின்றதா என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடித்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று எனக்குச் சொல்லாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் உடம்பும் மனசும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.

அன்புடன்,
அம்மா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்துவிட்டார். யாருக்குக் கடிதம் என்று கேட்டார், சொன்னேன். படிக்கத் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. டிப்போவுக்குப் போகிற வழியில் தானே போட்டுவிடுவதாகச் சொன்னார், ஒட்டித் தரும்வரை வாசலில் நிற்கிறேன் என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, “கடைசி நாளைத் தெளிவா எழுதினியா?” என்றார்.