மகள் படிக்கும் வகுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் வணங்கி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

என்னைப் பிரிந்த உங்கள் மருமகள், வேலை கிடைத்த ஊருக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி கேட்டாளே, அந்த வழக்கு முடிந்தது. இங்கே நான் வேலை பார்க்கும் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவே நின்று வீடியோவில் ஆஜரானேன்.

"என் சம்மதம் இல்லாம கூட்டிட்டுப் போகக் கூடாதுங்க" என்றேன்.

"உங்க பொண்ணு எத்தனாவது படிக்கிறா?" என்று கேட்டார் நீதிபதி.

"மூணாவதுங்க."

அவள் அம்மா பக்கத்தில் இருந்த மகள் சிரித்துவிட்டாள். "அஞ்சாவது, அங்கிள்" என்றாள், என்னிடம்தான்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் நான் அவளோடு போனில் பேசலாமாம். நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

அவர்கள் கிளம்புமுன் பிள்ளையின் கால் அளவைக் கேட்டு எழுதுங்கள். நான் வாங்கி வைத்திருக்கும் செருப்பு இனி சேராது. மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்