ஏரிக்கரையில் நாலு அறை

மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்காமல் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போன தடவை பார்த்தபோது சட்டை உங்கள் மேல் ஆணியில் மாட்டியது மாதிரித் தொங்கியது.

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் "என்ன மாப்ள, சௌக்கியமா?" என்று கேட்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நீங்களும் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் விடுகிறீர்கள். ரெண்டு பேரும் மாற்றி மாற்றி மூச்சு விட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். காகிதத்தில் அழுதால் உங்களுக்குத் தெரியாது. ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று ஞாயிறாக நீங்கள் வரவில்லை. குறை சொல்லவில்லை, சும்மாதான் சொல்கிறேன். சரி, குறைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வாயாடி வருஷா வருஷம் அந்த ஏரிக்கரை ஊருக்குப் போக வேண்டும் என்று பாடாய்ப் படுத்துவாளே, ஞாபகம் இருக்கும். பஸ் நேரம் எழுதி வைப்பாள், லாட்ஜ் நம்பர் வாங்கி வைப்பாள். "ரெண்டே ரெண்டு நாள்மா. நீ இல்லன்னா ஆஸ்பத்திரி பெட்ஷீட்டெல்லாம் எழுந்து ஓடிப் போயிடுமா?" என்பாள். நான், "அடுத்த வருஷம் பாக்கலாம்டி, லீவு குடுக்க மாட்டாங்க" என்பேன். "அப்ப நாங்களும் போகல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்படியே ஆறு வருஷம். உண்மையைச் சொல்கிறேன், நான் லீவு கேட்டதே இல்லை. கேட்காமலேதான் குடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

போன வாரம் கேட்டேன். சூப்பர்வைசர் பயந்து போய்விட்டார். "பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா லீவு கேக்கறீங்க. உடம்புக்கு ஏதாவதா?" என்றார். "இல்ல சார், ஊர் சுத்தப் போறேன்" என்றேன். கொடுத்துவிட்டார்.

அவள் எழுதி வைத்திருந்த நம்பருக்கே பேசி ரெண்டு அறை சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஏப்ரல் 12, 13, சனி ஞாயிறு. உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். கேட்டால் வேண்டாம் என்பீர்களோ என்று பயம். வருவீர்கள்தானே?

இப்படிக்கு,
அத்தை


மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அந்த லாட்ஜில் நானும் ரெண்டு அறை சொல்லி வைத்திருக்கிறேன். அதே ஏப்ரல் 12, 13. நீங்கள் பேசுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே. உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. முதலில் அறை சொல்லிவிட்டு அப்புறம் உங்களைக் கேட்கலாம் என்றுதான். கேட்டால் லீவு இல்லை என்பீர்களே என்று பயம்.

லாட்ஜ் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். "உங்க ஊர்லேர்ந்து இன்னொரு அம்மாவும் ரெண்டு ரூம் கேட்டாங்க சார். இருக்கறதே ஆறு ரூம். கல்யாண கோஷ்டியா? முன்னாடியே சொல்லிடுங்க, மேளம்னா எனக்கு ஆகாது" என்றார்கள்.

தேதியும் ஒன்றாகிப் போனதில் ஆச்சரியம் இல்லை. ஏப்ரல் ரெண்டாவது வாரம்தான் கூட்டம் இருக்காது என்று அவள்தானே முடிவு செய்தாள். உங்களுக்கும் எனக்கும் வேறு தேதி தெரியாது.

நீங்கள் சொன்ன ரெண்டு அறையை விட்டுவிடச் சொல்லுங்கள். பஸ் ஏற்பாடு என் பொறுப்பு. மூன்று ஞாயிறு வராததற்கு மன்னியுங்கள். ஒரு புதுக் கட்டடத்தில் பன்னிரண்டு மாடிக்கு லிஃப்ட் பொருத்துகிறோம், அதனால்தான் என்று எழுத நினைத்தேன். அது முழுக்க உண்மை இல்லை. அங்கே ஏரிக்கரையில் வைத்து உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 15, சனி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி லாண்டரியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "மேளம்னா எனக்கு ஆகாது" வந்ததும் எல்லோரும் சிரித்த சிரிப்பில் மிஷின் சத்தமே கேட்கவில்லை. நம் வாயாடி போன பிறகு, இந்தப் பத்து மாதத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் ரெண்டு அறையை விட்டுவிட்டேன். லாட்ஜ் அம்மாவிடம் நான் உங்கள் மாமியார் என்று சொன்னதும், "மாமியாரும் மருமகனும் ஊர் சுத்த வர்றீங்களா! என் மருமகன் என்னப் பாத்தா தெருவையே மாத்திப் போறான்" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

போர்வை நான் கொண்டு வருகிறேன், லாட்ஜ் போர்வையை நம்ப மாட்டேன். பழைய செருப்பு ஒன்று எடுத்து வாருங்கள், கரையில் சகதி இருக்குமாம். படகில் ஏற என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கரையில் உட்கார்ந்து கால் நனைப்பேன், அவ்வளவுதான்.

ஆனால் கடைசியில் "ஒரு விஷயம்" என்று எழுதி முடித்துவிட்டீர்களே, அது நெஞ்சில் மாட்டிக்கொண்டது. என்னோடு பெட்ஷீட் மடிக்கிறவளை உங்களுக்குத் தெரியும், நெட்டை. நான் குள்ளம், அவள் நெட்டை, எங்கள் பெட்ஷீட் எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் மடியும். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே, "இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? ஆம்பளை, சின்ன வயசு. பொண்ணு பாத்திருப்பாரு" என்றாள். "வாயைக் கழுவுடி" என்றேன். "கழுவிட்டுத்தான் சொல்றேன்" என்றாள். என் முனையை விட்டுவிட்டேன். ஈரம் காயாத பெட்ஷீட் தரையில் விழுந்து, திரும்பவும் துவைக்கப் போட வேண்டியதாகிவிட்டது.

அவள் சொன்னது உண்மையா? ஏரி வரைக்கும் என்னைக் காக்க வைக்காதீர்கள். நம் வாயாடியின் அப்பா போனபோது அவளுக்கு ஏழு வயது. அப்புறம் எனக்கு அவள் ஒருத்திதான், அவளால் நீங்கள். இப்போது உங்களை விட்டால் ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்ட ஆள் கிடையாது. எதுவானாலும் காகிதத்தில் எழுதுங்கள். நான் தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அத்தை


மார்ச் 21

அன்புள்ள அத்தைக்கு,

நெட்டை அக்கா சொன்னது உண்மைதான்.

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்தப் பெண் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார், மூக்குக் கண்ணாடிக்கு அளவு எடுத்து மாட்டிக் கொடுக்கிற வேலை. நவம்பரில் அந்தக் கடை இருக்கிற கட்டடத்து லிஃப்டில் நடு மாடியில் மாட்டிக்கொண்டார். சரி செய்யப் போன எனக்கு நாற்பது நிமிஷம் ஆனது. பயப்படாமல் இருக்கட்டும் என்று வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பேச வேறு எதுவும் தெரியாமல் நம் வாயாடியைப் பற்றியே பேசினேன். கதவு திறந்ததும் அவர், "நாப்பது நிமிஷமா உங்க வீட்டம்மாவப் பத்திக் கேட்டேன். அவங்களை ஒரு நாள் பாக்கணும்" என்றார். அவள் இப்போது உயிரோடு இல்லை என்று சொன்னேன். அங்கேயே, லிஃப்ட் வாசலில், ரெண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.

அதற்கு மேல் எதுவும் நடந்துவிடவில்லை. பேசுகிறோம். "முதல்ல உங்க அத்தைகிட்டச் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியாம நான் உங்ககூட ஒரு டீ கூடக் குடிக்க மாட்டேன்" என்கிறார். அந்த மூன்று ஞாயிறும் நான் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டேன்.

நீங்கள் வேண்டாம் என்றால் இதோடு விட்டுவிடுகிறேன். கோபத்தில் சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறேன். சரி என்றால், ஞாயிறு ஒரு நாள் மட்டும் அவரும் ஏரிக்கு வரட்டுமா? உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தக் காரியம் நடந்தால், அதற்கப்புறமும் உங்களை அத்தை என்று கூப்பிடலாமா?

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. நெட்டை அக்காவிடம் விசாரித்தேன், வேலைக்கு வருகிறீர்கள் என்று தெரிந்தது. அது போதும்.

அறைகளை விடவில்லை. நீங்கள் வராவிட்டாலும் நான் தனியாகவாவது போவேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு.

மாப்பிள்ளை


ஏப்ரல் 6, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என்னை மன்னியுங்கள். நீங்கள் நாலு கிழித்தீர்கள், நான் ஏழு கிழித்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். நவம்பர் என்று படித்ததும் விரல் விட்டு எண்ணினேன், அவள் போய் ஆறு மாதம். அதற்குள்ளா என்று வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டினேன், சுவரைப் பார்த்துத்தான். அந்தப் பெண்ணையும் திட்டினேன். லிஃப்டையும் விடவில்லை. படி எதற்குக் கட்டி வைத்திருக்கிறார்கள், நடந்து போனால் என்ன என்று கேட்டேன்.

கோபம் அடங்கினதும் பயம் வந்தது. உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அதைச் சாக்கு வைத்தாவது உங்கள் வீட்டுக்கு வந்து போவேன். அதுவும் இல்லை. இன்னொருத்தி வந்து உட்கார்ந்த பிறகு, செத்துப் போனவளுடைய அம்மாவுக்கு அங்கே என்ன வேலை? யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இதை நினைத்து நினைத்துத்தான் போனை எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் பேசுவீர்கள், பேசினால் முடிவு தெரிந்துவிடும்.

நேற்று உங்கள் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். கடைசிக் கேள்வியை முதல் தடவை சரியாகப் படிக்கவே இல்லை போலிருக்கிறது. நான் பயந்த அதே பயம் உங்களுக்கும் இருந்திருக்கிறது. நாலு அறை சொன்ன கதைதான் திரும்பவும். கேட்டால் இல்லை என்று வந்துவிடுமோ என்று ஆளுக்கொரு பக்கம் ஒளிந்துகொள்கிறோம்.

உங்களிடம் மறைத்த ஒன்றை நானும் சொல்ல வேண்டும். அவள் மேலே வார்டில் படுத்திருந்த பன்னிரண்டு நாளும் அவளுடைய பெட்ஷீட் கீழே என் கைக்குத்தான் வந்தது. அதைத் தனியாக எடுத்து, நானே துவைத்து, நெட்டையைக் கூடத் தொட விடாமல் தனியாக மடித்து அனுப்பினேன். ஒற்றை ஆளாக மடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. கடைசி நாள் வந்ததை நான் துவைக்கப் போடவில்லை. என் பெட்டியில் இருக்கிறது. ஆஸ்பத்திரி முத்திரை போட்டது. பதினெட்டு வருஷ வேலையில் நான் எடுத்த ஒரே பொருள். நீங்கள் ஒளித்தது உயிருள்ள ஆள், நான் ஒளித்தது ஒரு துணி. யார் யாரைக் கோபித்துக்கொள்வது?

அவள் போன அன்றைக்கு நீங்கள் ஏழு மாடியும் படியில் இறங்கி வந்தீர்கள். பக்கத்திலேயே லிஃப்ட் திறந்து கிடந்தது. அதைப் பார்த்தவள் நான். என் பெண்ணை நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். நாற்பது நிமிஷம் அவளைப் பற்றியே கேட்டுவிட்டு, அவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவள் நல்லவளாகத்தான் இருப்பாள். அவளோடு டீ குடியுங்கள். எல்லாம் குடியுங்கள். நான் சம்மதம் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

ஆனால் ஏரிக்கு அவள் வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. ஆறு வருஷம் நான் ஏய்த்தது என் மகளை. அந்த ரெண்டு நாளும் அவளுக்குச் சேர வேண்டியது. நீங்களும் நானும் மட்டும் போய், அவளைப் பற்றி அலுக்கும் வரைக்கும் பேசிவிட்டு வருவோம். அழுகை வந்தால் அழுவோம், லாட்ஜ் அம்மாவுக்கு மேளம்தானே ஆகாது.

ஞாயிறு சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பெண்ணை நேராக என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சமைத்து எடுத்துக்கொண்டு வரக் கூடாது. முதல் நாளே வேலை வாங்கினேன் என்ற பேர் எனக்கு வேண்டாம். நான் வந்து சமைக்கிறேன். அவள் என்னை என்னவென்று கூப்பிடுவது என்பதை அவளே யோசித்துக்கொண்டு வரட்டும். உங்களுக்கு நான் அத்தைதான். அதில் கேட்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை பஸ் ஏழு மணிக்கு. நான் ஆறரைக்கே நிற்பேன். நீங்கள் எப்போதும் கடைசி நிமிஷத்தில் ஓடி வருகிற ஆள். இத்தனை வருஷம் மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக வாயை அடக்கிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை தாமதமாக வந்து பாருங்கள், பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல், பெற்ற பிள்ளையைத் திட்டுகிற மாதிரி திட்டப் போகிறேன்.

உங்கள்
அத்தை