கம்பைத் தாழ்த்தினவனுக்கு

அன்பான மாப்பிள்ளை பரமசிவத்துக்கு,

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு கடுதாசிகூட நான் எழுதியதில்லை. எதிர்க்கடைக்காரனுக்கு எதற்குக் கடுதாசி? கூப்பிட்டால் கேட்கிற தூரம்தானே.

இந்த வருஷம் சாரல் சீக்கிரமே பிடித்துவிட்டது. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் மேலகரத்தில் வண்டியை நிறுத்தி, தலைக்குத் தேய்க்க எண்ணெய் வாங்குகிறார்கள். மூடிக் கிடந்த உன் கடையை என் தங்கச்சி செண்பகம் திறந்துவிட்டாள். உன் பெண்டாட்டிக்கு உன் பிடிவாதம்தானே இருக்கும்? நல்லெண்ணெய் மட்டும் விற்கிறாள்.

நாம் இரண்டு பேரும் ஒரே களத்தில் சிலம்பம் ஆடினவர்கள். அங்கே என்ன சட்டம்? கம்பு உடம்பில் தொட்டால் போதும், எலும்பை உடைக்கிறவன் ஆட்டக்காரன் இல்லை. ஒருத்தன் கம்பு நுனியை மண்ணில் வைத்துவிட்டால் தோற்றேன் என்று அர்த்தம். அதற்குமேல் அடிக்கக் கூடாது. கடை நடத்தவும் அந்தச் சட்டமே போதும் என்று இப்போது தெரிகிறது.

ஆனால் நீ பொல்லாதவன். நுனியை மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலேயே நிறுத்துவாய். தோற்றுவிட்டான் என்று நான் கையைத் தளர்த்தியதும் கணுக்காலில் அடி விழும். மூன்று தடவை ஏமாந்திருக்கிறேன். களமே சிரித்தது.

செங்கோட்டை மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்த வருஷம், எண்ணெய் விற்பதில் நமக்குள் விலைச் சண்டை முற்றியிருந்தது. ஒரு மத்தியானம் நீ என் கடைப்படி ஏறி வந்தாய்.

"மச்சான், தேங்கா எண்ணெய நீயே வச்சுக்க. நான் நல்லெண்ணெ மட்டும் விக்கேன். ரெண்டு பேரும் பொழைச்சுக்கிடுவோம்" என்றாய்.

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நுனி மண்ணில் பட்டிருக்கிறதா, விரற்கடை மேலே நிற்கிறதா என்றுதான் பார்த்தேன். கணுக்காலைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து, மறுநாளே நல்லெண்ணெயையும் நட்டத்துக்கு விற்றேன். சீசன் முடியுமுன்னே நீ கடையை மூடினாய். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தேன். இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நீ மலைக்கு அந்தப் பக்கம் மரம் ஏற்றும் வேலைக்குப் போனாய். ஏற்றின மரம் உருண்டு நெஞ்சில் விழுந்தது. லாரியில்தான் உன்னைக் கொண்டுவந்தார்கள்.

போன வாரம் என் தம்பி சொல்கிறான்: "அண்ணே, நல்லெண்ணெ வெலைய ஒரு மாசம் எறக்குனா போதும். செண்பகம் தானா கடைய மூடிட்டு நம்ம வீட்டுக்கு வந்துருவா. நாம பாத்துக்கிடலாம்."

"ஏலே, வாய மூடு" என்றேன். அவன் நல்லது நினைத்துத்தான் சொன்னான். நானும் அன்றைக்கு விலையை இறக்கினால் போதும் என்றுதானே நினைத்தேன்?

நேற்று ரோட்டைத் தாண்டிப் போய் அவளிடம் கேட்டேன்.

"ஏட்டி, அன்னைக்கு அவன் மெய்யாத்தான் சொன்னானா?"

கையிலிருந்த குவளையை அவள் கீழே வைத்தாள்.

"தேங்கா எண்ணெ ஆட்ட வச்சிருந்த கொப்பரை மூட்டை அத்தனையும் அதுக்கு மொத நாளே வித்துட்டாவ" என்றாள். பிறகு, "வேற என்ன வேணும் அண்ணாச்சி?" என்றாள்.

ஊரில் கடைக்காரர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள் மாப்பிள்ளை.

என் கடையில் இனி நல்லெண்ணெய் கிடையாது. கேட்டு வருகிறவர்களை எதிர்ப்பக்கம் அனுப்புவேன். அவள் மன்னிப்பாள் என்பதற்காக இல்லை. மன்னிக்காவிட்டாலும் நான் இருக்கும்வரை இப்படித்தான்.

உன் மச்சான்,
செண்பகத்துக்கு அண்ணனாக இருந்த
சுடலைமுத்து