நீங்கள் வாங்காமல் போன தரகு

பாய்,

காலையிலிருந்து நாக்கு எரிகிறது. சுண்ணாம்பு கூடிவிட்டது. வெற்றிலை போட்டுக்கொண்டு வரும் பெண்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற டீச்சர் நான். இன்று வாயெல்லாம் சிவக்க உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். காரணம் நீங்கள்தான். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. வெற்றிலையும் கிராம்புமாக உங்களோடு வருகிற அந்த வாசனை இன்று இந்தக் கூடத்தில் மறுபடி வந்தது.

சாந்தோமில் நாங்கள் குடியிருந்த வீட்டை ஈஸ்டருக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். இனி வாடகை வீடே வேண்டாம் என்று இவர் பிடிவாதமாக இருந்தார். ராயப்பேட்டையிலிருந்து ஜட்காவில் வந்து எங்களை மாம்பலத்துக்குக் கூட்டிப்போனீர்கள். ஏரியைத் தூர்த்த மனையில் இரண்டறை வீடு. மழைக்காலத்தில் தவளையோடுதான் குடித்தனம் என்று உறவுக்காரர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. விற்கிறவர் ஓய்வுபெற்ற தாசில்தார். வண்டி ஏறும்போதே நீங்கள் ஒன்று சொன்னீர்கள்:

“மத்த தரகருங்க ரெண்டு பக்கமும் வாங்குவாங்க. நான் விக்கறவரு ஆளு, டீச்சரம்மா. நூத்துக்கு ரெண்டு அவரு தர்றாரு. நீங்க ஒண்ணும் தர வேணாம்.”

காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. வெயிலில் குடை பிடித்து, சேற்றில் செங்கல் போட்டு நம்மை நடத்திக் கூட்டிப்போகிறவர் நம்முடைய ஆளாகத்தானே இருக்க வேண்டும்? இவர் முன்னறையில் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கிணற்றடியில் உங்களிடம் மெதுவாகச் சொன்னேன்.

“பாய், மூவாயிரத்து ஐந்நூறுக்குள்ள முடிச்சுக் குடுங்க. நாலாயிரம் வரைக்கும் எப்படியாவது புரட்டுவோம். ஆனா அதுக்கு என் வளையலைக் கழட்டணும்.”

நீங்கள் வாளிக் கயிற்றை அப்படியே விட்டுவிட்டீர்கள். “இன்னாம்மா நீங்க, இதப் போய் என்னாண்ட சொல்லிக்கினு. நான் அவரு ஆளுன்னு சொன்னேன்ல?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடும் போச்சு, வளையலும் போச்சு என்று நினைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். தாசில்தார் நாலாயிரம் என்றார். நீங்கள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டீர்கள். “என்ன பாய், இவங்க எவ்வளவு வரைக்கும் வருவாங்க?” என்று அவர் கேட்டபோது உப்பிய கன்னத்தைக் காட்டிக் கையை ஆட்டினீர்கள். அவர் மறுபடி கேட்டார். நீங்கள் இன்னொரு வெற்றிலையை மடித்தீர்கள். ஊர் வாயையெல்லாம் அடக்குகிற உங்களுக்கு என்ன வந்தது என்று இவர் திகைத்துப்போனார். கடைசியில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

பத்திரம் பதிவான அன்று தாசில்தார் உங்களுக்குத் தரகு தரவில்லை. “வாயே திறக்கலை. எதுக்குத் தரகு?” என்றார். நீங்கள் சண்டை போடவில்லை. வெளியே வந்து நான் பணத்தை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

“இத வாங்கினா உங்களுக்காக வாய மூடுனதா ஆயிடும். அவரு கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது. தெரியாம வுழுந்த வார்த்தைய வெச்சி உங்க வளையலையும் கழட்ட முடியாது. அவ்ளோதான்.”

ஒருவரிடம் தரகு பேசிவிட்டு அவரிடமே மறைத்தது சரியா என்று இவர் இன்றைக்கும் வாதம் செய்வார். தப்பு என்று சொல்லவும் என்னால் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை. என் கை வளையல் கட்சி கட்டும்போது நான் எப்படி நியாயம் பேசுவது? நான் முகம் வாடி நிற்பதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். “தரணும்னு கீதுன்னா, இந்த வூட்ட விக்கசொல்ல என்ன கூப்புடுங்க. அப்ப நான் உங்க ஆளு. கறாரா வாங்கிக்குவேன்.” அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வண்டி வந்தால் வாசலில் நிறுத்தி, “இன்னா டீச்சரம்மா, வித்துட்லாமா?” என்று கேட்காமல் போனதில்லை.

விற்கத்தான் வேண்டியிருக்கிறது, பாய். இவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல். கூப்பிட நீங்கள் இல்லை. வீட்டை விடுவதைவிட அதுதான் வலிக்கிறது. இன்று காலை வேறொரு தரகர் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ஐயாயிரம் கையில இருக்கு. ஐயாயிரத்து ஐந்நூறு வரைக்கும் போகலாம். ஆனா எங்கம்மா நகைய அடகு வைக்கணும். நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

நானாவது தரகரிடம் சொன்னேன். இவள் விற்கிறவளிடமே சொல்கிறாள்.

கூடத்தில் இவர் ஆறாயிரத்தில் ஆரம்பித்து, இறங்கி, ஐயாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றார். அந்தப் பெண்ணின் புருஷன் ஐயாயிரத்தைத் தாண்டவில்லை. “நீ என்ன சொல்றே? இவங்களால முடியும்னு தோணுதா?” என்று இவர் என்னைக் கேட்டார். நான் தரகருக்கு வைத்திருந்த வெற்றிலைத் தட்டை இழுத்து, தெரிந்த மட்டும் சுண்ணாம்பு தடவி, வெற்றிலையை வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டேன். இவர் என் கன்னத்தையே பார்த்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு, “சரி, ஐயாயிரம்” என்றார்.

அவர்கள் போன பிறகு இவர் என்னோடு பேசவில்லை. சாயங்காலத்துக்குள் பேசிவிடுவார். இதை எழுதுகிற கையில் அதே வளையல்கள்தான் இருக்கின்றன. இன்று விட்டுக்கொடுத்த ஐந்நூறு உங்கள் தரகு, பாய். நூற்றுக்கு இரண்டைவிடக் கூடத்தான் வருகிறது. மீதியைத் திருப்பித் தர வேண்டாம்.