டப்பாவோடு போன பல்லி

அன்புள்ள மகாராணிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன். இதை மனசில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் சலவைக்கூடத்துப் பெரிய மெஷினுக்குள் ஒரு பல்லி விழுந்துவிட்டது. பஞ்சாங்கத்தைத் தூக்காதே, விழுந்தது என் தலையில் இல்லை. டப்பென்று ஒரு சத்தம், உள்ளே இருந்த மின்பலகை கருகிவிட்டது. கைக்காசில் புதிது போட முதலாளியால் முடியாது. கூடத்தை மூடினால் எங்கள் ஆறு பேர் பிழைப்பும் போச்சு.

நல்லவேளை, எலி, பல்லி செய்கிற சேதத்துக்கும் சேர்த்து அவர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். அத்தாட்சி கேட்பார்களே என்று, செத்த பல்லியை நீ கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தேன். திட்டாதே.

பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரர் மூடியில் வெட்டியிருந்த எழுத்தைத் தடவி, "இது என்ன, பல்லியோட பேரா?" என்றார்.

"ஐயையோ சார், என் சம்சாரத்தோட பேரு!"

சிரித்தபடியே டப்பாவோடு சீல் வைத்து எடுத்துப் போனார். நேற்று புதுப் பலகை வந்து மெஷின் ஓடுகிறது. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டம்மா டப்பாதான்யா நம்மளக் காப்பாத்துச்சு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

டப்பா திரும்பி வராதாம். இன்னொன்று அனுப்பு. இங்கேயும் கடையில் கிடைக்கும்தான், ஆனால் மத்தியானம் மூடியைத் திறக்கும்போது படிக்க ஒன்றும் இருக்காது.

மெஷின் நின்றுவிட்டது, துணியை எடுக்க வேண்டும்.

உன்,
பல்லிக்கு டப்பா கொடுத்தவன்

பெயர் வெட்டாமல் அனுப்பிவிடாதே.